தெள்ளுப்பூச்சிக்குக் கடலமுதம்

தெள்ளுப்பூச்சிக்கு எதிராக மனித குலம் ஆதிகாலம் தொட்டுப் போராடி வருகிறது. ஆனால் தீர்மானம் போட்டு, குத்துவிளக்கு ஏற்றி, கேசரி கொடுத்து நடந்த போர் என்றால் அது மரக்காணம் உப்பளத்தில் நடந்தது மட்டும்தான். போரின் தளபதி, நாற்பது பாத்திக்குச் சொந்தக்காரரான திரு. புருஷோத்தமன். போர்க்களம், அவரிடம் உப்பு வாரும் தையல்நாயகியின் நாய் லட்டு. களத்தின் சம்மதத்தை எந்தப் போரில்தான் கேட்டிருக்கிறார்கள்?

ஆரோவில் பக்கம் ஒரு கடையில் வேப்பிலை சோப்பின் விலையைப் பார்த்தபோது முதலாளிக்கு ஞானம் பிறந்தது. போதி மரம் எல்லாம் பழைய காலம். ஊர் திரும்பிய கையோடு, உப்பு எடுத்த பிறகு பாத்தியில் மிஞ்சுகிற கசப்புத் தண்ணியைப் பிடித்தார். பூண்டுச் சாறு ஊற்றினார். கற்பூரத் தைலம் கலந்தார். பாட்டிலில் அடைத்து 'கடலமுதம்' என்று பெயரும் வைத்தார். 'நூறு சதவீதம் இயற்கை. ஆகவே நூறு சதவீதம் பாதுகாப்பு' என்றது லேபிள். அந்த 'ஆகவே'யை எங்கிருந்து பிடித்தார் என்பது தொழில் ரகசியம்.

ஆராய்ச்சி செய்யாமல் விட்டார் என்று யாரும் நாக்கு மேல் பல்லைப் போட்டுப் பேச முடியாது. முதல் சோதனை மேஸ்திரி அந்தோணிசாமியின் பூனை மேல் நடந்தது. 'பூசிய அன்றே பூனை சொறிவதை அறவே நிறுத்திவிட்டது' என்று அறிக்கை சொன்னது. எழுந்து நிற்பதையும் பால் குடிப்பதையும்கூட நிறுத்திவிட்டது என்ற சில்லறை விவரங்களுக்கு அறிக்கையில் இடம் போதவில்லை. கால்நடை டாக்டர் அமுதவல்லி மூன்று நாள் போராடி அதைப் பிழைக்க வைத்தார். அந்தோணிசாமி வாயைத் திறக்கவில்லை. சம்பளம் வாங்குகிறவர் அல்லவா.

அடுத்தது லட்டு. அதுவும் ஞாயிற்றுக்கிழமை வெளியீட்டு விழாவில், யூடியூப் கேமரா முன்னால்! கேட்டதும் தையல்நாயகி உப்பு வாரும் பலகையைக் கீழே போட்டாள். புருஷன் போன பிறகு, அவள் வருகிற வழியைப் பார்த்துக்கொண்டு வீட்டில் கிடக்கிற ஒரே உயிர் அது. டாக்டரிடம் ஓடினாள்.

“பூண்டு நாய்க்கு ஆகவே ஆகாதும்மா. கற்பூரமும் விஷந்தான். பூசினா நக்கும், நக்கினா உள்ள போவும்,” என்றார் டாக்டர். “சோப்பு போட்டுக் குளிப்பாட்டு. பேன் சீப்பால வாரு. அது படுக்கிற சாக்க வெந்நீர்ல அலசு. அப்பவும் போவலன்னா எடை பாத்து மாத்திரை தர்றேன்.”

அன்றைக்கே குளிப்பாட்டி, வாரி, சாக்கை அலசிப் போட்டாள். மறுநாள் முதலாளியிடம் அப்படியே ஒப்பித்தாள். அவர் உதட்டைப் பிதுக்கினார்.

“பேன் சீப்பா? அத பாட்டில்ல அடைக்க முடியுமா?”

“அதுக்கில்லீங்க மொதலாளி, நாய்க்கு ஆபத்துன்னு டாக்டரம்மா...”

“இது இயற்கைம்மா! இயற்கைல ஏது ஆபத்து?”

“அரளி வெதகூட இயற்கதானுங்களே?”

பக்கத்தில் நின்ற மேஸ்திரிக்குத் திடீரென்று இருமல் வந்தது. முதலாளி அசரவில்லை.

“நீங்கல்லாம் தெனம் இந்தத் தண்ணிலதான நிக்கிறீங்க? கால் எரியுதுன்னு ஒருத்தராவது இதுவரைக்கும் வாயத் தொறந்திருக்கீங்களா? இத விட இன்னா ஆதாரம் வேணும்?”

தையல்நாயகி குனிந்து தன் பாதங்களைப் பார்த்தாள். இருபது வருஷத்து வெடிப்பு.

“ஞாயித்துக்கெழம நாய் வரலன்னா, திங்கக்கெழம நீயும் வர வேணாம்,” என்று முதலாளி அன்போடு முடித்துக்கொண்டார்.

விழா அன்று உப்புக் கிடங்கு வாசலில் கேசரி மணத்தது. லட்டு கம்பத்தில் கட்டிக் கிடந்தது. எதிரே ஒரு பக்கெட் கடலமுதம். மைக் பிடித்த முதலாளி இயற்கையைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். அதில் பாதி நேரம் வேட்டிக்குள் கையை விட்டுச் சொறிந்துகொண்டிருந்தார். கிடங்கில் குடியிருந்த தெள்ளுப்பூச்சிகள் விழாவுக்குச் சீக்கிரமே வந்துவிட்டன. முதலாளிக்கு முழங்காலுக்குக் கீழே கீறிக் கீறி ரத்தம் கசிந்தது. அது தையல்நாயகி கண்ணில் பட்டது.

“மொதலாளி, ஒரு நிமிஷங்க,” என்று எழுந்தாள். “வருஷா வருஷம் மொத உப்ப உங்க கையாலதான வார்றீங்க? நீங்க தொடாம நாங்க வார்பலகைய எடுத்ததில்ல. இதையும் மொதல்ல நீங்க உங்க கால்ல பூசி ஆரம்பிச்சு வையுங்க. அதான் ராசி.”

கூட்டம் கைதட்டியது. கேமரா திரும்பியது. உப்பளத்து வழக்கத்தை மீற முடியுமா? முதலாளி சிரித்தபடி வேட்டியைத் தூக்கி, இரண்டு கை நிறைய அள்ளிப் பூசினார்.

வரலாறு மூச்சைப் பிடித்துக்கொண்டது.

“யம்மாடியோவ்! எரியுதே!”

அவர் குதித்த குதியைப் பார்த்து தெள்ளுப்பூச்சி வம்சமே தலைகுனிந்திருக்கும். வரப்பு மேல் ஓடினார். வேட்டி ஒரு பக்கம், மைக் ஒரு பக்கம். இது ஏதோ புது விளையாட்டு என்று நினைத்த லட்டு கயிற்றை அறுத்துக்கொண்டு குரைத்தபடி பின்னால் ஓடியது. கடைசியில் குடிதண்ணி டிரம்முக்குள் இரண்டு காலையும் விட்டு நின்றுகொண்டு கத்தினார்.

“டேய், டாக்டரக் கூப்புடுங்கடா! ஊசி போடச் சொல்லுங்கடா! இங்கிலீஷ் மருந்து எதுனா குடுங்கடா!”

“மொதலாளி, அது இயற்கைங்க!” என்று கூட்டத்தில் யாரோ ஆறுதல் சொன்னார்கள்.

செவ்வாய்க்கிழமை அவசரக் கூட்டம் கூடியது. முதலாளியின் கட்டுப் போட்ட கால்கள் இரண்டும் ஆளுக்கொரு ஸ்டூலில் தலைமை தாங்கின.

“நிறுத்திடலாமுங்களா?” என்று மேஸ்திரி மெல்லக் கேட்டார்.

“எதுக்குய்யா நிறுத்தணும்? லேபிள மாத்து.”

ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. புது லேபிளில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி சேர்ந்தது: 'எச்சரிக்கை: வாய் பேசத் தெரிந்தவர்கள் பூசிக்கொள்ளக் கூடாது. வாயில்லா ஜீவன்களுக்கு மட்டும்.' ஒட்டும் வேலை தையல்நாயகிக்குக் கிடைத்தது. பேன் சீப்பின் புண்ணியத்தில் சொறியாமல் கொள்ளாமல் லட்டு அவள் காலடியில் தூங்கியது.

அவள் அந்த வரியை எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்தாள். பிறகு பசை தடவி, வெடித்த தன் பாதத்தின் மேல் லேபிள் ஒன்றை அழுத்தி ஒட்டினாள்.

“இன்னா பண்ற நீ?” என்று கத்தினார் முதலாளி.

“இருவது வருஷமா இந்தத் தண்ணியில எங்கள நிக்க வெச்சிருக்கீங்களே, மொதலாளி. லேபிள் ஒட்ட மறந்துட்டீங்க.”