இடது வலது தெரியாத டிரைவர்

கூடலூர்,
12.7.2009

அன்புள்ள மாப்பிள்ளை அழகருக்கு, உன் அக்காள் புருஷன் வேலுச்சாமி எழுதிக்கொள்வது. திருப்பூரில் நீயும் பெண்டாட்டி பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே சுகம் என்று எழுதக் கை வரவில்லை. இந்தக் கடிதம் கண்டதும் நீ புறப்பட்டு வந்து என் ஜீப்பை விற்றுக் கொடுக்க வேண்டும். நானே நின்று விற்க எனக்குத் தெம்பில்லை.

காரணம் கேட்பாய். குமுளி மலைப்பாதையில் லாரிக்காரன் ஒருவன் பின்னால் வந்து இடித்ததில் பிடித்த கழுத்துவலி, வருடக்கணக்காகியும் விடவில்லை என்பது உனக்குத் தெரியும். யாராவது கூப்பிட்டால் இடுப்போடு சேர்ந்துதான் திரும்புகிறேன். எண்ணெய் தேய்த்தேன், கழுத்துப் பட்டை மாட்டினேன், ஸ்கேன் எடுத்தேன். எலும்பெல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்கள். அதைக் கேட்டு அழுத ஆள் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கடைசியில் தேனியில் பிசியோதெரபி பார்க்கிற சினேகா என்ற பெண்ணிடம் போனேன். கழுத்தை நீவி விடுவாள் என்று சட்டையைக் கழற்றி உட்கார்ந்தால், ஒரு கட்டு போட்டோ அட்டைகளை நீட்டுகிறாள். எல்லாவற்றிலும் ஒரு பெண் கழுத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிறாள். எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறாள் என்று சட்டென்று சொல்ல வேண்டுமாம். நான் இடது என்றால் அது வலது. வலது என்றால் இடது.

"கழுத்துல இப்பப் பெருசா பழுது இல்லைங்கய்யா. ரொம்ப நாள் வலிச்சதுல, மூளைக்குள்ள இருக்குற கழுத்துப் படம் கலங்கிப் போச்சு. தினமும் இந்த அட்டையப் பார்த்துப் பழகுனா கொஞ்சங் கொஞ்சமாத் தெளியும்" என்றாள்.

அட்டைகளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு வந்தது தப்பாகப் போயிற்று. துவைக்க எடுத்த உன் அக்காள் மொக்கம்மாள் கையில், யாரோ ஒருத்தி ஒய்யாரமாகத் திரும்பிப் பார்க்கிற போட்டோ. அன்றைக்கு அடுப்பு எரியவில்லை. வைத்தியம்தான் என்று சத்தியம் பண்ணி நம்ப வைத்தேன். பிறகு அவளே அட்டைகளைக் காட்டிக் கேட்டாள். நான் வரிசையாகத் தப்புச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை மாப்பிள்ளை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அந்தத் துக்கத்தை, என் ஜீப்பில் ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குப் போகிற ஜக்கம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். அவள் ஜீப் ஸ்டாண்டில் சொன்னாள். மறுநாள் காலையில் டிரைவருக்கு இடது வலது தெரியவில்லை என்று ஊரெல்லாம் பேச்சாகி, தோட்டத்துப் பெண்கள் மொத்தமும் ஸ்டாண்டில் இன்னொரு டிரைவரான செல்வமணியின் ஜீப்பில் ஏறிவிட்டார்கள். ஸ்டியரிங் பிடித்த கைக்குத் தெரியும், அட்டையைப் பார்த்தால்தான் தடுமாறுகிறது என்று யாரிடம் போய் விளக்குவது? அன்றிலிருந்து ஜீப் வாசலில் நிற்கிறது. கண்ணாடியைத் துடைப்பேன், ஏறி உட்காருவேன், இறங்கிவிடுவேன். அட்டைகளை மட்டும் விடவில்லை. வேறு வேலை இல்லையே. இப்போது பாதிக்கு மேல் சரியாக வருகிறது. வந்து என்ன, ஏறத்தான் ஆளில்லை.

பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். தையல் மிஷினில் குனிந்தே கிடக்காதே; கழுத்து இருக்கும்வரை அதன் அருமை தெரியாது.

இப்படிக்கு,
வேலுச்சாமி

பின்குறிப்பு: ஜீப்பை விற்க வர வேண்டாம். கடிதத்தை ஒட்டுவதற்குள் ஜக்கம்மா ஆட்களோடு வாசலில் வந்து நின்றாள். "செல்வமணி வளைவுல பறக்குறாக. உசுரு போயிட்டு வருது. இடது வலதை நாங்க சொல்றோம்ணே, நீங்க ஓட்டுங்க" என்றாள். மானம் போன மாதிரி இருந்தாலும் சாவியை எடுத்தேன். வளைவுக்கு வளைவு பின்னாலிருந்து கத்தினார்கள். பாதிப் பேர் இடது என்றார்கள், பாதிப் பேர் வலது என்றார்கள். குமுளி செக்போஸ்டில் வண்டியை நிறுத்தியதும், பொறுக்க முடியாமல் பின்னால் திரும்பி, சும்மா இருக்கிறீர்களா என்று அதட்டினேன். ஜீப்பே அடங்கிவிட்டது. ஜக்கம்மாதான் மெதுவாகச் சொன்னாள்: "அண்ணே, கழுத்து திரும்பிருச்சு."

அப்புறம் வலித்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் திரும்பியது. எந்தப் பக்கம் என்பதில்தான் தோட்டம் போய்ச் சேரும்வரை ஜீப்பில் சண்டை ஓயவில்லை.