கூடுதலாக ஒரு கரண்டி

பதினொரு மணிக்கு மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி வருவதாக இருந்தது. ஒன்பதரைக்குத் தொட்டித் தண்ணீரைக் குவளையில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தபோது, அதில் லேசாக ஒரு மஞ்சள் தெரிந்தது. மஞ்சள் குவளையில் இருக்கிறதா, தன் கண்ணில் இருக்கிறதா என்று பொடிக்காரருக்குச் சந்தேகம்.

சாயப்பட்டறையில் அவரை எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். மூக்குப்பொடி போடுகிறவர் இல்லை. கழிவுநீரைச் சுத்தம் செய்யும் நானோ பொடி அவருடைய கைவேலை. ஒரு தலைமுடியின் குறுக்கே ஆயிரம் துகளை அடுக்கலாம், அவ்வளவு பொடிசு. தண்ணீரில் போட்டால் சாயத்தை இழுத்து ஒட்டவைத்துக்கொள்ளும். இரும்பு கலந்த பொடி என்பதால், தொட்டியில் காந்தத்தை இறக்கினால் சாயத்தோடு போய் அதில் அப்பிக்கொள்ளும். மிஞ்சுவது தெளிந்த நீர்.

அதிகாரி கையெழுத்துப் போட்டால் பட்டறை ஓடும். இல்லையென்றால் பூட்டு, நாற்பது பேருக்கு வேலை போய்விடும்.

மேலாளர் குவளையைப் பார்த்துவிட்டு, தண்ணீர் நன்றாகத்தானே இருக்கிறது, சும்மா விடுங்கள் என்றார். பொடிக்காரருக்குச் சும்மா விடத் தெரியாது. கூடுதலாக ஒரு கரண்டி பொடியைப் போட்டுக் கலக்கினார். மனது கேட்காமல் இன்னொரு கரண்டியும் போட்டார்.

தண்ணீர் மை மாதிரி ஆனது.

பதற்றத்தை மறைத்துக்கொண்டு காந்தத்தைத் தூக்கி வந்தார். அவசரத்தில் அது தொட்டிக்குள் இறங்காமல், பக்கத்திலிருந்த இரும்பு ஏணியில் போய் ஒட்டிக்கொண்டது. மேலாளரும் வந்து சேர்ந்து இழுத்தார். காந்தம் அசையவில்லை. அவர் இடுப்பிலிருந்த சாவிக்கொத்துதான் கழன்று அதோடு போய்ச் சேர்ந்தது.

காந்தம் இல்லாவிட்டால் என்ன, வடிகட்டிவிடலாம் என்று மணல் வடிகட்டியைத் திறந்தார்கள். பொடி மணலை அடைத்தது. அடைப்பெடுக்கக் குச்சியால் குத்தினார்கள். அடியில் கிடந்த பழைய சேறெல்லாம் கிளம்பி மேலே வந்தது.

அந்த நேரம் பார்த்து வாசலில் கார் வந்து நின்றது. மணி பத்தே முக்கால்தான்.

பொடிக்காரர் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு தில்லுமுல்லு செய்தார். அலுவலக மூலையிலிருந்த குடிதண்ணீர் கேனைச் சாய்த்து, மாதிரிப் பாட்டிலை நிரப்பி, அதன்மேல் 'தொட்டி நீர், காலை ஒன்பது மணி' என்று எழுதி ஒட்டினார். அவசரத்தில் எழுத்து கோணலாக விழுந்தது.

அதிகாரி அம்மா நிதானமானவர். தொட்டியை எட்டிப் பார்த்து, "இப்பதான் பொடி போட்டிருக்கீங்க போல," என்று தானாகவே ஒரு காரணத்தைச் சொல்லிக்கொண்டார். அலுவலகத்துக்கு வந்து பாட்டிலை முகர்ந்தார். கொண்டுவந்த கருவியை உள்ளே விட்டு எண்களைக் குறித்துக்கொண்டார். பிறகு பொடிக்காரரை நேராகப் பார்த்தார்.

"இதை நீங்க குடிப்பீங்களா?"

பொடிக்காரர் ஒரு டம்ளரில் ஊற்றி, கடகடவென்று குடித்துவிட்டு வைத்தார்.

"இருபது வருஷமா எல்லார்கிட்டயும் இதைக் கேக்குறேன்," என்றார் அதிகாரி. "குடிச்சுக் காட்டினது நீங்க ஒருத்தர்தான். தான் செஞ்சதை நம்புறவர் நீங்க."

பேனாவைத் திறந்தார். அதுவரை தாக்குப்பிடித்த பொடிக்காரருக்கு, அந்தக் கடைசி வார்த்தைதான் தாங்கவில்லை. மேலாளர் கண்ணால் கெஞ்சியதையும் பார்க்காத மாதிரி இருந்துவிட்டார்.

"கையெழுத்துப் போடாதீங்கம்மா. அது தொட்டித் தண்ணி இல்ல. அந்தக் கேன்ல இருக்கிற குடிதண்ணி. தொட்டித் தண்ணியைக் குடிக்கிற தைரியம் எனக்கே இல்ல."

பேனா நின்றது. மேலாளர் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

தேநீர்த் தட்டோடு உள்ளே வந்த அலுவலக அக்கா, டம்ளர்களை ஒவ்வொன்றாக மேசையில் வைத்தபடியே சொன்னார்:

"கேன்காரர் வராம மூணு மாசம் ஆச்சே சார், தினமும் காலைல உங்க தொட்டிக் குழாய்லதானே நான் பிடிச்சு வைக்கிறேன்."