மாத்திரையை விட்டவர்கள் கை தூக்குங்கள்

இருபத்தொரு நாள். காலையில் ஒரு டம்ளர், இரவில் ஒரு டம்ளர். சர்க்கரை நோய் மூட்டை கட்டிக்கொண்டு போய்விடும். வாசலில் தொங்கிய பேனர் அப்படித்தான் சொன்னது. பேனருக்கு என்ன, அதற்கா சர்க்கரை?

மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை. மேடையில் வெள்ளைக் கோட்டு போட்ட ஒருவர். எல்லோரும் அவரைப் பேராசிரியர் என்றார்கள். எந்தக் கல்லூரி என்று யாரும் கேட்டதில்லை. அவருக்கே பத்து வருடச் சர்க்கரையாம், இந்தப் பானத்தால்தான் ஓடியதாம். பின்னால், குடித்துக் குணமான எட்டுப் பேர் படம் எடுக்க நிற்பதுபோல் நின்றார்கள்.

"நாற்பத்தாறு ஆராய்ச்சி!" என்றார் பேராசிரியர். ஒரே கைதட்டல். பேய் ஓட்டுகிறவர் மந்திரம் சொல்வார், இவர் ஆராய்ச்சி என்கிறார். எதிரில் இருப்பவர்கள் வாய்பிளப்பது மட்டும் மாறவில்லை.

என் சித்தியும் கைதட்டினாள். அவள் மாத்திரையை நிறுத்திப் பானத்துக்கு மாறிப் பதினெட்டு நாள். கால் கட்டைவிரலில் இருந்த புண் பெரிதாகிக்கொண்டே போனது. விரலை எடுக்க வேண்டிவரலாம் என்றார் மருத்துவர். "இன்னும் மூணு நாள் இருக்கே" என்றாள் சித்தி.

அந்த நாற்பத்தாறையும் படித்தவள் நான். ஒரு கேள்வியைப் பற்றி வந்த ஆய்வுகள் எல்லாவற்றையும் திரட்டி, எதை நம்பலாம் என்று பார்ப்பது எங்கள் அலுவலகத்தின் வேலை. இரண்டு பேர் தனித்தனி அறையில் படிப்போம். முடிக்கும்வரை பேசக் கூடாது. ஒருவர் எண்ணம் மற்றவருக்கு ஒட்டிக்கொள்ளும். பேசாமலிருப்பது எனக்குக் கைவந்த கலை. கடைசியில் ஒப்பிட்டோம். ஒரே விடை. நாற்பது ஆய்வுக்குப் பானக் கம்பெனி பணம் கொடுத்திருந்தது. நாற்பதும் 'ஆகா!' ஆறுக்குக் கொடுக்கவில்லை. ஆறும் 'ஒன்றுமில்லை.'

வீட்டில் சொன்னேன்.

"பணம் யாரு குடுத்தா என்னடி? சரியாவுதுன்னு சொல்றாங்கள்ல?"

"சித்தி, அந்த நாப்பதுலயும்..."

"அத்தனை ஆராய்ச்சியும் பொய், நீ ஒருத்தி நெசமா? அவ்வளவு தைரியம் இருந்தா கூட்டத்துல எழுந்து கேளு, பாப்போம்."

கேட்கமாட்டேன் என்று அவளுக்குத் தெரியும். பேருந்தை நிறுத்தச் சொல்லக் கூச்சப்பட்டு அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருகிறவள் நான்.

மண்டபத்தில் எழுந்து மைக்கை வாங்கினேன். மைக் 'கீ' என்றது. நானும் ஏறக்குறைய அதையேதான் சொன்னேன். பக்கத்தில் இருந்த சித்திக்கு மட்டும்தான் என் கேள்வி காதில் விழுந்தது.

"என்னடி முனகுறே? மானத்தை வாங்காதே, குடு இப்படி." சித்தி மைக்கைப் பிடுங்கினாள். அவள் குரலுக்கு அது தேவையே இல்லை. "எங்க அக்கா பொண்ணு கேக்குறா! மேடையில நிக்கிறவங்கள்ல மாத்திரையை விட்டவங்க கை தூக்கணுமாம்!"

எட்டுப் பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒரு கையும் எழவில்லை.

"வெக்கப்படாம தூக்குங்கய்யா!"

"எப்படிம்மா விடுறது?" என்றார் ஓரத்தில் நின்ற பெரியவர். "ஆராய்ச்சின்னு கூப்பிட்டு, தெனமும் மாத்திரையைக் கையில குடுத்து, அதோடதானே இதையும் குடிக்கச் சொன்னாங்க."

சித்தி வாயைப் பிளந்தாள். நான் வீட்டில் சொல்ல வந்து அவள் முடிக்கவிடாத வாக்கியம் அது. மெதுவாகக் கூட்டத்தின் பக்கம் திரும்பினாள். "இங்க யாரெல்லாம் விட்டீங்க?"

வரிசை வரிசையாகக் கைகள் எழுந்தன. சித்தியின் கை எல்லாவற்றுக்கும் மேலே.

"அது வந்து... ஆய்வு முறை. உங்களுக்குப் புரியாதும்மா" என்றார் பேராசிரியர்.

"புரியற மாதிரியே கேக்குறேன். நீங்க விட்டீங்களா?"

அவர் கண் கதவைத் தேடியது. அதுவரை அங்கே நின்றிருந்த பானக் கம்பெனிக்காரரை அதற்குள் காணோம்.

அவர் பதில் சொல்லும்வரை ஒரு வார்த்தை. எத்தனை பேர் புகழ்கிறார்கள் என்று எண்ணாதீர்கள். புகழ யார் காசு கொடுத்தார்கள், கூடவே வேறென்ன விழுங்கினார்கள் என்று கேளுங்கள். கேட்டால் கொஞ்சம் கூச்சம் போகும். கேட்காவிட்டால் கால்விரல் போகும்.

"சொல்லுங்க சார்!" என்றாள் சித்தி.

பேராசிரியர் தலைகுனிந்தார்.

"காலையில ஒரு மாத்திரை. ராத்திரி ஒரு மாத்திரை."