குடை அன்ரி பெயர் சொல்ல மாட்டார்

கொழும்பு வெள்ளவத்தையில் யாருக்கு என்ன வருத்தம் என்று தெரியாத ஆள் கிடையாது. மீன் வாங்கப் போகிற இடத்தில் மேல்மாடிக்காரரின் கொலஸ்ட்ரோல் அளவையும் சேர்த்து வாங்கிவரலாம். எல்லோருடைய வருத்தமும் தெரிந்தும் வாய் திறக்காத ஒரே பிறவி, கடலுக்கு இறங்கும் ஓர் ஒழுங்கையில், சின்னக் கிளினிக் ஒன்றின் கவுண்டரில் இருந்தார். குடை அன்ரி.

நோயாளர் விபரம் இருக்கும் கம்ப்யூட்டரை வரிசையில் நிற்பவர்கள் எட்டிப் பார்க்கக் கூடாதென்று, பெரிய கறுப்புக் குடையொன்றை விரித்துத் தன் கதிரையில் கட்டியிருந்தார். புதிதாக வருகிறவர்கள் கூரை ஒழுகுகிறதென்று நினைத்துத் தள்ளி உட்காருவார்கள்.

யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். எல்லோரும் நம்பர்தான். சொந்தத் தங்கை காய்ச்சலோடு வந்தபோதும், "பதினேழு, உள்ள போங்கோ" என்றார்.

டொக்டர் அதே கட்டடத்தின் மேல்மாடியில் குடியிருந்தார். ஒருநாள் கம்ப்யூட்டரின் கடவுச்சொல்லை மறந்துவிட்டு, அன்ரியிடம் போனில் கேட்டார்.

"நீங்கள்தான் டொக்டர் எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

"என்ர குரல் தெரியேல்லையோ?"

"குரலை ஆரும் மாத்திக் கதைக்கலாம்."

டொக்டர் வீட்டில் கட்டியிருந்த சாரத்தோடு இறங்கி வந்து முகத்தைக் காட்டினார். அன்ரி ஒரு துண்டில் எழுதிக் காட்டி, அவர் வாசித்து முடித்ததும் கிழித்துப் போட்டார்.

இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர் வந்து கேட்டதை நானே காதால் கேட்டேன்.

"நேற்று என்ர மனிசி இஞ்ச வந்தவவோ?"

"அவவிட்டையே கேளுங்கோ."

"அவ சொல்றா இல்லை."

"அப்ப நானும் சொல்லேலாது."

வரிசையே சிரித்தது. நானும்தான். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்குக் கூசுகிறது.

என் மகள் பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்பில் படிக்கிறாள். அவளுக்கு வலிப்பு. வீட்டுக்கு வெளியே அது டொக்டருக்கும் குடை அன்ரிக்கும் மட்டுமே தெரியும். ஒருமுறை அவளுடைய மருந்து எங்கும் கிடைக்கவில்லை. தெஹிவளையிலிருந்து கொள்ளுப்பிட்டி வரை ஒவ்வொரு பாமசியாக ஏறி இறங்கினேன். வீட்டில் மூன்று நாளுக்குத்தான் குளிசை இருந்தது. பதற்றத்தில் மருந்துச் சீட்டைப் படமெடுத்து எங்கள் தொடர்மாடி வட்ஸ்அப் குழுவில் போட்டேன். பிறகு கிளினிக்குக்கும் போன் எடுத்தேன்.

"எங்கட குறூப்பிலையும் போட்டிருக்கிறன் அன்ரி, ஆருக்கும் தெரிஞ்சால் சொல்லுவினம்."

"பேரை மறைச்சனீங்களோ?"

"அதுக்கெல்லாம் எங்க நேரம்?"

"உடன அழியுங்கோ, பிள்ளை."

அழித்தேன். ஆனால் யாரோ நல்ல மனதோடு அதை இன்னொரு குழுவுக்கு அனுப்பியிருந்தார்கள். மருந்து களனியில் கிடைத்தது. செய்தி மகளின் டியூஷன் வகுப்பு முழுவதற்கும் கிடைத்தது.

மகள் வந்து கதவோடு நின்றாள். "எனக்கு வலிப்பாம் எண்டு எல்லாரும் கேக்கினம். ஆரம்மா சொன்னது?"

"கிளினிக்கில ஆரோ சொல்லியிருக்கோணும்."

அந்தப் பதிலைச் சொன்னது நான்தான். யோசிக்கக்கூட இல்லை. அவ்வளவு சுலபமாக வந்தது.

அடுத்த நாள் அவள் நேரே கிளினிக்குக்குப் போய் குடை அன்ரியோடு சண்டை பிடித்திருக்கிறாள். சத்தம் கேட்டு டொக்டரும் வந்து, யார் சொன்னதென்று கேட்டிருக்கிறார். அன்ரியின் பதில் இவ்வளவுதான்: "ஆர் எண்டு தெரியும். ஆனா மற்றாக்களின்ர விசயம் நான் சொல்றேல்லை." விசாரித்து முடியும் வரை அன்ரியை வீட்டில் இருக்கச் சொல்லிவிட்டார் டொக்டர்.

இது தெரியாமல் நான் இரண்டு நாள் கழித்து அங்கே போனேன். குடை இல்லை. கவுண்டரில் இருந்த புதுப் பிள்ளையொன்று உரத்துக் கூப்பிட்டது: "சிவஞானம் ஐயா, உங்கட சுகர் ரிப்போட் வந்திட்டுது. நல்லாக் கூடியிருக்கு." எல்லோரும் திரும்பி சிவஞானம் ஐயாவைப் பார்த்தார்கள். அவர் தன் செருப்பைப் பார்த்தார். அன்ரி எங்கே என்று கேட்டேன். நடந்ததையும் அந்தப் பிள்ளை அதே சத்தத்தில் சொன்னது.

அன்று பின்னேரமே மகளிடம் உண்மையைச் சொன்னேன். அவள் கத்தவில்லை. "அவவிட்ட நான் என்னெல்லாம் சொல்லிப்போட்டன், அம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு அறைக்குள் போனாள். மறுநாள் டொக்டரிடமும் போய்ச் சொன்னேன். அவர் என்னை ஏசியிருக்கலாம். ஏசவில்லை.

குடை திரும்பி வந்தது. மகள் இப்போது கிளினிக்குக்குத் தனியாகப் போகிறாள். என்னிடம் ஒன்றும் சொல்வதில்லை. போன கிழமை மனம் பொறுக்காமல், நம்பர் எடுத்து, என் முறை வரும்வரை இருந்து, கவுண்டரில் கேட்டேன்.

"அவ இந்த மாசம் மருந்தெடுக்க வந்தவவோ, அன்ரி?"

"அவவிட்டையே கேளுங்கோ."

"அவ சொல்றா இல்லை."

"அப்ப நானும் சொல்லேலாது, பிள்ளை."

எனக்குக் கண்ணீர் முட்டிவிட்டது. பின்னால் ஏழெட்டுப் பேர். அதில் இரண்டு பேர் எங்கள் தொடர்மாடி. அன்ரி முதலில் கம்ப்யூட்டரை அணைத்தார். பிறகு குடையின் கட்டை அவிழ்த்து, என் முகத்தை மறைக்கும்படி சாய்த்துப் பிடித்தார். நான் அழுது முடியும் வரை அடுத்த நம்பரைக் கூப்பிடவில்லை.