வெள்ளிக்கிழமை லாகின்

அவசரக்குடுக்கைகளில் இரண்டு ரகம். தானே அவசரப்படுகிறவன் ஒருவன், கம்ப்யூட்டருக்கும் அவசரத்தைக் கற்றுக்கொடுக்கிறவன் இன்னொருவன். நான் இரண்டாவது ரகம். (முதலாவதும்தான் என்பாள் என் மனைவி.)

எண்பதுகளின் கடைசியில் ஆம்பூர்த் தோல் கம்பெனி ஒன்றில் எனக்குத் தற்காலிக வேலை. குடியாத்தத்தில் பெண் பார்த்து முடித்திருந்தார்கள். முதலாளி வேலையை நிரந்தரமாக்கினால்தான் கல்யாணத் தேதி என்று பெண்ணின் அப்பா கறாராகச் சொல்லிவிட்டார்.

ஃபோன் லைன் வழியாக மெட்ராஸ் ஆபீஸ் கம்ப்யூட்டருக்குள் நுழைந்து சரக்கு விவரம் அனுப்ப வேண்டும். அது 'லாகின்:' என்று கேட்டால் பெயரை அடிக்கணும். பிறகு பாஸ்வேர்டு. அதை அடித்தால் திரையில் தெரியாது. இதெல்லாம் தானாக நடக்க ஒரு புரோகிராம் எழுதினேன். 'லாகின்:' கண்ணில் பட்டதும் பெயரை அனுப்பு, சற்றுப் பொறுத்துப் பாஸ்வேர்டை அனுப்பு. வெள்ளிக்கிழமை தவிர எல்லா நாளும் ஓட்டிப் பார்த்தேன். வெள்ளி எங்களுக்கு வார விடுமுறை.

ஒரு வெள்ளிக்கிழமை கப்பலுக்கு அவசரம். தொழுகை முடிந்து முதலாளி நேரே ஆபீஸ் வந்தார். அசந்துபோய் அன்றே என் வேலையை நிரந்தரமாக்கிக் கையெழுத்துப் போடுவார் என்று நம்பி, கீபோர்டைத் தொடாமல் கைகட்டி நின்றேன்.

மெட்ராஸில் வெள்ளிக்கிழமைக்கென்றே ஒரு அறிவிப்பு வைத்திருந்தது எனக்கு எப்படித் தெரியும்? 'இன்று லாகின்: தொழுகைக்குப் பிறகு.' அதைப் பார்த்ததும் என் புரோகிராம் பெயரை அனுப்பிவிட்டது. அறிவிப்பைக் கொட்டிக்கொண்டிருந்த மெட்ராஸ் அதைக் காதில் வாங்கவில்லை. பிறகு நிஜமாகவே 'லாகின்:' என்று பெயர் கேட்டபோது இது பாஸ்வேர்டை நீட்டியது. பெயர் கேட்கும் இடமாயிற்றே, திரையில் பளிச்சென்று விழுந்தது: துபாய்.

(இங்கே நிரந்தரம் ஆகாவிட்டால் இருக்கட்டும் என்று ரகசியமாகப் பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போட்டிருந்தேன். பாஸ்வேர்டும் அந்த ஆசையில் வைத்ததுதான்.)

முதலாளி கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி படித்தார்.

"இன்னாப்பா, எப்போ கெளம்பற?"

"சும்மா ஒரு பேரு சார்..."

"அந்த நெனப்பு ஜாஸ்தி இருக்கிறவன பர்மனென்ட் பண்ணி நான் இன்னா பண்றது? கொஞ்ச நாள் போவட்டும், பாக்கலாம்."

அவர் திட்டியிருந்தால்கூடத் தேவலை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அன்றே புரோகிராமைத் திருத்தினேன். 'லாகின்:' தனி வரியில் வந்து, அதற்குப் பின்னால் ஒன்றும் வராமல் லைன் ஓய்ந்தால்தான் இனி அது வாய் திறக்கும். அதன்பிறகு ஒருநாளும் தப்பவில்லை. கல்யாணம்தான் தள்ளிப்போனது. காரணத்தை மாமனாரிடம் நானே போய்ச் சொன்னேன். அவர் சிரித்துச் சிரித்து வீடு முழுக்கச் சொல்லிவிட்டார்.

துபாய்க்கு நான் போகவேயில்லை. ஆனால் இன்றும் யாராவது பேசி முடிப்பதற்குள் நான் குறுக்கே புகுந்தால், "இருங்க, அவங்க இன்னும் முடிக்கல, துபாய்னு சொல்லிடாதீங்க" என்பாள் மனைவி. போன மாதம் மருமகள் வந்தாள். வந்த மூன்றாம் நாளே ஏதோ சொல்ல ஆரம்பித்தாள், நான் பாதியில் பதில் சொன்னேன். அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு, ரொம்ப மரியாதையாக, "மாமா, துபாய்" என்றாள்.