ஊத்துக்குளி வெண்ணெய் விலை கொண்ட படலம்

வாழ்க கிட்டுசாமி! நொய்யற்கரைத் திருப்பூரில் ஒன்றரை அறையும் ஓர் ஓட்டுத் தாழ்வாரமும் ஆண்ட கோமகன் வாழ்க! கடலை எண்ணெய்க்கும் கத்தரிக்காய்க்கும் அஞ்சாத நெஞ்சர், துவரம்பருப்பைத் தொட்ட மாத்திரத்தில் தரம் சொல்லும் விரலர், மழைக்கும் வெயிலுக்கும் ஒரே குடையை உயர்த்தி அதன் மூன்று கம்பிகளைக் களத்தில் பலிகொடுத்தவர், சட்டைப் பொத்தானில் நூல்கட்டித் தொங்கவிட்ட பென்சிலே வேலாக, பதின்மூன்றாம் எண் படிவமே கேடயமாக, மாதந்தோறும் இரண்டாம் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குச் சந்தை என்னும் செருக்களம் புகுந்து, எண்பத்திரண்டு பண்டங்களின் விலைகளை உயிரோடு சிறைபிடித்துக் கோயமுத்தூருக்கு அனுப்பிவைத்த விலை விசாரிப்பாளர் வாழ்க! சென்னிமலை ஆண்டவனே, நின் திருக்கை வேலை அரையணா பென்சிலுக்கு ஒப்புச் சொன்ன வாயைப் பொறுத்தருள்வாய். இந்தக் கதைக்கு இவரைவிடப் பெரிய வீரர் யாரும் கிடைக்கவில்லை.

இந்தப் பட்டங்களெல்லாம் வேறு யாரும் சூட்டியவை என்று எண்ண வேண்டாம். கிட்டுசாமி புலவர் வகுப்பில் ஈராண்டு இருந்து, வெண்பாவிடம் மூன்று முறை மல்லாந்து விழுந்து, பின் புள்ளிவிவர அலுவலகத்தில் அடைக்கலம் புகுந்தவர். கற்ற தமிழ் வயிற்றுக்கு உதவாவிட்டாலும் நடைக்கு உதவியது. சந்தைக்குப் போகும் வழியெல்லாம் தம்மைத் தாமே உள்ளுக்குள் பாடிக்கொண்டு போவார். வேலையோ தற்காலிகம். மாதம் நூற்றிருபது ரூபாய், முழுசாக அவ்வளவுதான். அவர் பிடித்து அனுப்பும் விலைகளையெல்லாம் கோயமுத்தூரில் கூட்டிப் பெருக்கி ஒரு புள்ளியாக்குவார்கள். அந்தப் புள்ளி ஏறினால் பனியன் கம்பெனித் தொழிலாளர்களுக்குப் பஞ்சப்படி ஏறும், இறங்கினால் இறங்கும். ஊருக்கெல்லாம் பஞ்சப்படி அளந்த அந்தக் கைக்கு மட்டும் பஞ்சப்படி கிடையாது.

எழுபத்துமூன்றாம் ஆண்டு அது. விலைவாசி கட்டுத்தறி அறுத்த காளையாக நாடெங்கும் ஓடிக்கொண்டிருந்த காலம். எண்பத்தொரு பண்டங்கள் கிட்டுசாமிக்கு அடிபணிந்துவிட்டன, ஏனெனில் அந்தக் கடைகளில் விலைப்பலகை தொங்கியது. பார்த்தார், எழுதினார், வென்றார். எண்பத்திரண்டாவது பண்டம் வெண்ணெய். அதற்குப் பலகை இல்லை. காலைப் பாசஞ்சரில் ஊத்துக்குளியிலிருந்து இரண்டு பானைகளோடு வந்திறங்கி, சந்தையின் கீழ்க்கோடிப் புளியமரத்தடியில் அமரும் தெய்வாத்தாள்தான் அதற்குக் கடை, அதற்குப் பலகை, அதற்குக் கோட்டைச் சுவர். ஐம்பது வயது. அந்தக் கோட்டைக்கு அகழியும் இல்லை, கொத்தளமும் இல்லை. இருந்தது மரியாதை ஒன்றுதான். அதைவிட உயரமான மதில் கொங்கு நாட்டில் இன்னும் கட்டப்படவில்லை.

தை மாதம் முதன்முதலாகப் படையெடுத்துச் சென்று, "வெண்ணெய் கிலோ என்ன வெலைங்கக்கா?" என்று நம் வீரர் முழங்கியபோது, அவள் பதறி எழுந்துவிட்டாள்.

"ஆபீஸருங்ககிட்டப் போயி வெலை சொல்றதுங்களா? எடுத்துட்டுப் போங்க சாமி!"

மன்றாடியபின் பத்து ரூபாய் என்றாள். அன்று ஊருக்கும் பத்துதான். மாசி மாதம் ஊருக்குப் பத்தரை ஆயிற்று. "போன மாசமும் வந்தீங்களே, பழகுன மொகமுங்க" என்று இவருக்கு ஒன்பதரை. பங்குனியில் ஊருக்குப் பதினொன்று, இவருக்கு ஒன்பது. சித்திரையில் ஊருக்குப் பதினொன்றரை, "நீங்க எனக்குத் தம்பி மாதரயாச்சுங்க" என்று இவருக்கு எட்டரை. பழக்கம் ஏற ஏற விலை இறங்கியது. அரசாங்கம் மாதாமாதம் அளந்துகொண்டிருந்தது வெண்ணெயின் விலையை அல்ல, தெய்வாத்தாளின் பிரியத்தை.

இது கிட்டுசாமிக்குத் தெரியாதா என்றால், தெரிந்தும் தெரியாமலும் இருந்தார். கையேட்டின் ஏழாம் விதி, எந்த விலைக்குப் பண்டம் உண்மையாகவே கைமாறுகிறதோ அதுவே விலை என்கிறது. ஆகவே நெறி தவறாத நம் கோமகன் ஒவ்வொரு மாதமும் அந்த விலைக்கே அரைக்கிலோ வெண்ணெயைக் காசு கொடுத்து வாங்கி, பண்டம் கைமாறிய சத்தியத்தைத் தம் பையிலேயே போட்டுக்கொண்டு வந்தார். சத்தியம் முருங்கைக்கீரையோடு உருகி நெய்யாகி, அரிசிம்பருப்புச் சோற்றின் நடுக்குழியில் பொன்னிறக் குளமாகத் தேங்கும். அந்தச் சோற்றுக்கு முன்னால் அவர் எந்த விதியையும் மறுபடி புரட்டிப் பார்த்ததில்லை.

சித்திரைப் புள்ளி வெளியாயிற்று. ரேஷன் அரிசி அசையாமல் நிற்க, மற்றவை அரைக்காலும் அரைக்காலுமாக நகர, பால்பண்டம் என்ற கட்டத்தை ஒற்றை ஆளாக நிரப்பிய தெய்வாத்தாளின் வெண்ணெய் சரிந்த சரிவில், தமிழ்நாடே ஏறிக்கொண்டிருக்கத் திருப்பூர் மட்டும் இரண்டு புள்ளி இறங்கியது. பனியன் கம்பெனிச் சுவரில் நோட்டீஸ் ஒட்டினார்கள். பஞ்சப்படியில் ஒன்றேகால் ரூபாய் குறைந்தது. ஒன்றேகால் ரூபாய் சிரிக்கத் தக்க தொகைதான், அதை இழக்காதவனுக்கு.

அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவி நல்லம்மாளின் தம்பி ஆறுச்சாமி விருந்துக்கு வந்திருந்தான். நிட்டிங் மெஷின் ஓட்டுகிறவன். அவன் இலையில் நல்லம்மாள் நெய்க்கிண்ணத்தைச் சாய்க்கப்போனபோது கையை மறித்துக் காட்டினான்.

"வேண்டாங்கக்கா. எங்கூட்டுல நெய்ய நிறுத்திப்போட்டமுங்க. இங்க தின்னு பழகுனா அங்க கேக்குமுங்க."

பிறகு கிட்டுசாமியைப் பார்த்து, அவர் மனம் நோகக்கூடாதே என்பது போலச் சொன்னான். "எங்காளுங்க உங்களத்தான் சொல்றாங்க மாமா. நான் சண்டைக்குப் போயிட்டனுங்க. எங்க மாமா தப்பா எழுத மாட்டாரு, கோயமுத்தூருல கூட்டறவனுக்குத்தான் கூட்டத் தெரியலீன்னுட்டனுங்க."

எட்டரை ரூபாய் நெய் தேங்கிய சோற்றைக் கிட்டுசாமி இலையின் ஓரத்துக்கு ஒதுக்கினார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். நம்பிவிட்டான். வெட்கம் என்றால் என்ன என்பதைப் புலவர் வகுப்பு அவருக்கு ஒன்பது பெயர்களில் சொல்லிக் கொடுத்திருந்தது; அன்றுதான் பொருள் தெரிந்தது.

எழுந்தார் கிட்டுசாமி. கை கழுவினார். கழுவிய கையை உயர்த்தி வஞ்சினம் உரைத்தார்: "வரும் இரண்டாம் செவ்வாய், ஒரு மணி ரயில் ஊதுமுன், அந்தப் புளியமரத்தடியில் ஊர்விலை என்னவோ அதை என் செவியாரக் கேட்டு எழுதேனாயின், இப்பென்சிலை நான் ஏந்தியது பாழ்!"

"மொதல்ல சாப்பிட்ட எலைய எடுங்க" என்றாள் நல்லம்மாள்.

கேள்விப்பட்ட விலையை எழுதலாகாது என்பது எட்டாம் விதி. அந்தக் கடையில், அந்த நாளில், அந்தக் கடைக்காரர் வாயிலிருந்து வந்த விலையே விலை. தெய்வாத்தாளோ ஒரு மணி ரயிலுக்குக் கிளம்பிவிடுவாள். படிவம் அன்றைத் தபாலிலேயே போயாக வேண்டும். ஆகவே வைகாசி மாதத்து இரண்டாம் செவ்வாய் காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை நடந்த மூன்று போர்கள் இனிச் சொல்லப்படும்.

முதற்போர் மறைந்திருந்து செய்தது. புளியமரத்துக்குப் பின்னே நின்ற பனியன் மூட்டை வண்டியின் சக்கரத்தருகே, குடையை மடக்கி, மூச்சை அடக்கி, காதை மட்டும் முன்னணிப் படையாக அனுப்பிவிட்டுக் குந்தினார் கிட்டுசாமி. முதலில் வந்த நால்வரும் வாடிக்கைக்காரர்கள். விலை கேட்பதே மரியாதைக் குறைவு என்று காசை முடிச்சாகக் கொடுத்து, வெண்ணெயை வாழையிலையில் வாங்கிக்கொண்டு, மாடு கன்று நலம் விசாரித்துவிட்டுப் போனார்கள். ஐந்தாவதாக வந்தவர் சாப்பாட்டுக்கடை நாச்சிமுத்து. அவர் விலை பேசாமல் வாங்கமாட்டார் என்பது ஊரறிந்த சேதி. நம் வீரரின் பென்சில் துடித்தது. ஆனால் நாச்சிமுத்து கடை வைப்பதற்கு முன் இருபது வருடம் மாட்டுத் தரகர். தோள்துண்டை எடுத்துத் தெய்வாத்தாளின் கைமேல் போர்த்தினார். துண்டுக்கடியில் விரல்கள் விரல்களைப் பிடித்தன, மடக்கின, உதறின. இருவரும் தலையாட்டினார்கள். மூன்று கிலோ வெண்ணெய் ஒரு சொல் இல்லாமல் கைமாறியது. துண்டுக்கடியில் நடந்ததை எழுதப் படிவத்தில் கட்டம் இல்லை.

இரண்டாம் போருக்குத் தூது போனவள் நல்லம்மாள். தெய்வாத்தாள் அவளைப் பார்த்ததில்லை. முன்பின் தெரியாத பெண்ணிடம் ஊர்விலையைத்தானே சொல்லியாக வேண்டும்? விலையை மட்டும் கேள், வேறெதுவும் பேசாதே என்று ஏழுமுறை ஓதி அனுப்பினார் தளபதி. நல்லம்மாள் பையோடு போய் நின்றாள். தெய்வாத்தாள் ஏற இறங்கப் பார்த்து, முகம் மலர்ந்து, கொங்கு நாட்டில் எந்தப் பெண்ணாலும் பதில் சொல்லாமல் இருக்கமுடியாத அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"யாரூட்டுப் புள்ளீங்க கண்ணு?"

பதினான்கு வருடக் குடித்தனம். ஒன்றரை அறை, ஒழுகும் ஓடு, கம்பி போன குடை. அத்தனைக்கும் ஈடாக அவளுக்கு வாய்த்திருந்தது ஒரே ஒரு பெருமை. அதை வைகாசி வெயிலில் மறைத்துவைக்க அவளால் முடியவில்லை.

"புள்ளி ஆபீஸருங்க ஊடுங்க" என்றாள், சேலைத் தலைப்பைச் சரிசெய்தபடி.

"அட, நம்ம தம்பி சம்சாரமுங்களா! உங்களுக்கு எட்டு ரூவாயே போதுங்க!"

மூட்டை வண்டிக்குப் பின்னிருந்து ஒரு முனகல் கேட்டது. இதுவரை எட்டரைக்குக் குறையாத கோட்டை இப்போது எட்டுக்கு இறங்கியிருந்தது. இப்படியே போனால் ஆடிக்குள் வெண்ணெய் இனாமாகும், பனியன் கம்பெனியில் பஞ்சப்படியே இல்லாமல் போகும்.

மணி பன்னிரண்டே முக்கால். தெய்வாத்தாள் பானைக்குத் துணி கட்டத் தொடங்கிவிட்டாள். குடை ஒரு பக்கமும் படிவம் ஒரு பக்கமுமாகப் புழுதி படிந்த முழங்காலோடு மறைவிலிருந்து வெளிப்பட்டார் கிட்டுசாமி. அந்தக் கணத்தில் பாடுவதற்கு உள்ளே பாட்டு எதுவும் வரவில்லை. அவள் முன்னால் குந்தினார். மூன்றாம் போர் உண்மையைச் சொல்லிச் செய்தது.

"அக்கா, நீங்க எனக்குக் கொறச்சுக் குடுக்குற வெலையத்தான் நான் காயிதத்துல எழுதறனுங்க. அதப் பாத்துட்டு, ஊருல வெண்ணெய் மலிஞ்சுபோச்சுன்னு பனியன் கம்பெனி ஆளுங்களுக்குப் பஞ்சப்படியக் கொறச்சுப்போட்டாங்க. நானும் தெரிஞ்சுட்டே எழுதிட்டனுங்க. நெய் ஆசைதானுங்க."

தெய்வாத்தாளின் கை பானைத் துணியில் நின்றது.

"ஒன்னேகால் ரூவா கொறஞ்சுதே, அதுங்களா?"

"அதேதானுங்க."

"எம்மவ சின்னாத்தாளும் பனியன் கம்பெனியிலதான் பீஸ் மடிக்கறாளுங்க. எழுதுனவன் கை வெளங்காமப் போவோணும்னு ஆத்தாளும் மவளுமா பத்து நாளா வஞ்சுட்டிருக்கறமுங்களே சாமி!"

கிட்டுசாமி தம் வலக்கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார். நல்லவேளை, விரல்கள் மடங்கின.

அப்போது எழுந்தாள் தெய்வாத்தாள். ஊத்துக்குளிக் கொற்றவை, மோர் கடைந்து உரமேறிய தோளினள், தராசுத் தட்டை இடக்கையிலும் ஒரு கிலோ எடைக்கல்லை வலக்கையிலும் ஏந்தி, கல்லால் தட்டை ஓங்கி அறைந்தாள். தேங்காய்க்கடை திரும்பிப் பார்த்தது. மிளகாய் மண்டி வாயடைத்தது. கோழிகள் சிதறின. அவள் நாற்றிசையும் கேட்க முழங்கினாள்.

"எல்லாரும் கேட்டுக்குங்க! ஊத்துக்குளி வெண்ணெய் கிலோ பன்னெண்டு ரூவா! ஆபீஸரு வந்தாலும் பன்னெண்டு, அண்ணந்தம்பி வந்தாலும் பன்னெண்டு! எழுதுங்க சாமி!"

எழுதினார் கிட்டுசாமி. பதின்மூன்றாம் எண் படிவத்தின் எண்பத்திரண்டாம் கட்டத்தில், பென்சில் முனை முறியும் அளவுக்கு அழுத்தி, பன்னிரண்டு என்று எண்ணாலும் எழுத்தாலும் பொறித்தார். தூரத்தில் ரயில் ஊதியது. அவர் காதில் அது வெற்றிச் சங்காகவே விழுந்தது. பகை வென்ற பெருமிதத்தில், ஐந்து மாதப் பழக்கத்தில், கை தன்னையறியாமல் பையை நீட்டியது.

"அரைக்கிலோ போடுங்கக்கா."

"ஆறு ரூவாங்க" என்றாள் தெய்வாத்தாள். அவர் முகத்தைப் பார்த்து அவளுக்கும் கண் கலங்கிவிட்டது. "உங்களுக்குக் கொறச்சுக் குடுக்க மனசிருக்குதுங்க சாமி. ஆனாக் குடுத்தா, நீங்க எழுதுனது பொய்யாயிருமுங்களே."

ஏழாம் விதியை அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. கிட்டுசாமியின் சட்டைப்பையில் நாலேகால் ரூபாய் இருந்தது. பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தபாலாபீசுக்கு நடந்தார்.

அடுத்த மாதம் புள்ளி நான்கு ஏறியது. போன ஒன்றேகாலும் திரும்பி, மேற்கொண்டு இன்னொரு ஒன்றேகாலும் வந்தது. அந்தச் செய்தியைச் சுமந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை ஆறுச்சாமி ஓடிவந்தான். "நாந்தான் சொன்னனுங்களே மாமா, கூட்டறவன மாத்திப்போட்டாங்க!" என்றான். உலகின் விலைகளையெல்லாம் உண்மையாக்கிய செம்மல், புள்ளிகளின் காவலர், பன்னிரண்டு ரூபாய் கொண்ட பெருவேந்தர் கிட்டுசாமி புன்னகையோடு இலையின் முன் அமர்ந்து, அரிசிம்பருப்புச் சோற்றின் நடுவே விரலால் குழி பறித்துக் காத்திருந்தார்.

நல்லம்மாள் கடலை எண்ணெய் ஊற்றினாள்.