தீட்டுப்பட்ட கணினிகள்

டப்பா குரு வந்துவிட்டார் என்றதும் தெருவே வேலையைப் போட்டுவிட்டு அச்சகத்துக்கு ஓடியது. போட்டோ ஸ்டூடியோக்காரர் தன் கணினியைக் கைக்குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு வரிசையில் நின்றார். குருவின் கண்டுபிடிப்பு அப்படி: கணினிக்குள் புரோகிராம்களுக்குத் தீட்டாம்!

"ஒரே பொதுக் களஞ்சியத்துல இருந்து எல்லா புரோகிராமுக்கும் வேண்டிய சாமானை எடுத்துக் குடுக்கிற பழைய முறைதான் தோஷம். ஒண்ணு தொட்டதை இன்னொண்ணு தொடலாமா? தனித்தனி டப்பாவுல போட்டுப் பூட்டிட்டா, வெளியே இருக்கிற எதையும் அது பார்க்காது!"

மனிதருக்குள் பார்த்த தீட்டு போதவில்லை போலிருக்கிறது.

அச்சகத்தில் பக்கம் வடிவமைக்கும் அக்கா மட்டும் வரிசையில் நிற்கவில்லை. மறுநாள் அச்சேற வேண்டிய நானூறு பக்கம் அவள் கணினியில் இருந்தது. அச்சக முதலாளியோ, "இன்னிக்கு உன் கணினிக்கும் டப்பா போட்டாகணும்" என்று ஒற்றைக்காலில் நின்றார். டப்பா போட்ட அவருடைய கணினியில் ஒரு புரோகிராம் திறப்பதற்குள் ஒரு டீ குடித்துவிடலாம். கேட்டால், தோஷம் இறங்குகிறதாம்.

"அண்ணே, ஒரு சந்தேகம். பூட்டினது பூட்டினதுதானே?" என்று குருவைக் கேட்டாள் அக்கா.

"சத்தியமா, தங்கச்சி."

"அப்போ முதலாளி கணினியில டப்பாவுக்குள்ள இருக்கிற எடிட்டர் புரோகிராமைத் திறந்து, வெளியே இருக்கிற அவரோட சொந்தக் கடிதத்தை எடுத்துப் பார்ப்போம். வரக்கூடாது, இல்ல?"

"இப்போ நேரம் சரியில்ல..."

"வராதுன்னா பயமென்ன, குருவே?" என்றார் ஸ்டூடியோக்காரர்.

அக்கா இரண்டு தட்டுத் தட்டினாள். ஒரு டீ நேரம் கழித்துத் திரை முழுக்கக் கடிதம்: 'அன்புள்ள மாமனாருக்கு, எனக்குக் கடுமையான கண்வலி. ஒட்டிக்கொள்ளும். இந்த மாதம் வர வேண்டாம்.'

"கண்ணு பளபளன்னு இருக்கே, முதலாளி!" என்றார் ஸ்டூடியோக்காரர்.

சிரிப்பில் கூரை பறந்தது. முதலாளி குருவின் பக்கம் திரும்பினார்.

"இறுக்கிப் பூட்டினா பிரிண்டர் வரல, ஃபைல் வரலன்னு எல்லாரும் திட்டுறீங்க" என்று முனகினார் குரு. "அதனால எல்லா டப்பாவுக்கும் எல்லா அனுமதியும் குடுத்துட்டேன்."

"டப்பா மேல தப்பில்லண்ணே, ஒழுங்கா பூட்டினா நல்லதுதான்" என்றாள் அக்கா. "நீங்க கதவையே கழட்டி வெச்சுட்டீங்க. களஞ்சியத்துல ஒண்ணே ஒண்ணு இருந்த சாமானை டப்பாவுக்கு ஒண்ணா அடைச்சீங்க. கணினி மூச்சு வாங்குது. தோஷமாம், தோஷம்!"

"உன் கணினியை எவனும் தொட வேண்டாம்மா" என்றார் முதலாளி, கண்ணைக் கசக்கிக்கொண்டே.

அக்கா தன் பக்கங்களுக்குத் திரும்பினாள். குரு பின்வாசல் வழியே கம்பி நீட்டினார். அடுத்த தெருவில் இப்போதே கூட்டம் சேர்கிறதாம். போகிறவர்கள் போங்கள். பூட்டைக் கும்பிடுவதற்கு முன்னால் ஒருதரம் இழுத்துப் பாருங்கள். கை இருப்பது கும்பிட மட்டும்தானா?